நீல வண்டியின் ஆக்சில்

வெயிலில் நின்ற காரின் ரெக்ஸின் சீட்டில் உட்கார்ந்தால் முதலில் தொடை சுடும், பிறகு வியர்த்து ஒட்டிக்கொள்ளும், இறங்கும்போது தோல் உரிவதுபோல் ஒரு சத்தத்தோடு விடுபடும். பெட்ரோல் வாடையும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டின் வாடையும், குமட்டலுக்காக அம்மா முகர்ந்துகொண்டே வரும் எலுமிச்சம்பழத்தின் வாடையும் கலந்த காற்றுதான் எனக்குப் பதினோரு வயதின் காற்று. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து போயிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மூவரும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பூதலூர் வழியாகத் தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குப் போவோம். எங்கள் தெருப் பெண்கள் அதை "ரத்தம் கழுவப் போறது" என்பார்கள். திரும்பும்போது அம்மா பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பாள். அவளைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை.

கார் ஒரு பழைய ஹெரால்டு. அப்பா பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் செய்யப்பட்ட வண்டி. தஞ்சாவூரில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்தது. வக்கீல் இறந்து பிள்ளைகளும் வெளிநாட்டில் தங்கிவிட, கொட்டகையை இடிப்பதற்குள் யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அவருடைய மனைவி அப்பாவிடம் கொடுத்தார். பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வாத்தியாரானவர் அப்பா. எங்கள் தெருவுக்குள் அதற்கு முன் வாடகைக் கார்தான் வந்திருக்கிறதே தவிர, தெருக்காரர் ஒருவருக்குச் சொந்தமாகக் கார் வந்ததில்லை. அது வந்த அன்று சின்னவர் பெரியவர் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் தள்ளினார்கள்.

அம்மா பஸ்ஸில் போய்வந்த மாதங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காரின் அருமை தெரியும். போகும்போதாவது நின்றுகொண்டு போய்விடலாம். நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது அவளுக்குக் கால் பின்னும், கண் இருட்டும், கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்கும். இடது முழங்கையில் ஊசி ஏற்றுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்த இடம் புடைத்திருக்கும், யாராவது இடித்துவிடக் கூடாது. ஒரு நாள் பூதலூர் ஸ்டாப்பில் அவள் மயங்கி விழுந்த பிறகு அப்பா பஸ் வேண்டாம் என்று முடிவு செய்தார். மாதம் முழுக்க வாடகைக் கார் வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஹெரால்டு.

அந்த வண்டியின் முன்பக்கம் மட்காடோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழும். உள்ளே இருப்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும் என்பதால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும். ரேடியேட்டர் ஒழுகும். அப்பா இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். பாதி வழியில் நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து ஊற்றுவார். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். இரண்டு பக்கமும் வாய்க்கால் தளும்பி ஓடுகிற ரோட்டில், காய்ந்த உதட்டோடு கண்ணாடி வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அதுக்கு மட்டும் குடம் குடமா ஊத்துங்க," என்பாள். அப்பா சிரிக்க முயன்று, முடியாமல், மூடியை இறுக்கிக்கொண்டிருப்பார்.

காசிம் பாயை நாங்கள் சந்தித்தது தஞ்சாவூர் பெட்ரோல் பங்கில். பாபநாசத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். பல வருடம் வளைகுடா நாட்டில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். அவரிடமும் ஒரு ஹெரால்டு இருந்தது, துடைத்து வைத்த நீலத்தில். எங்கள் வண்டியைப் பார்த்ததும் தன் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து, கேட்காமலே முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னார். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வண்டி வச்சிருக்கிறவங்க எல்லாம் ஒரே வியாதிக்காரங்க சார். ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்கணும்," என்றார். அப்புறம்தான் பின்சீட்டில் அம்மா படுத்திருப்பதைக் கவனித்தார். முகம் மாறி, "தப்பா சொல்லிட்டேம்மா," என்று கை கூப்பினார். அம்மா எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் மூலமாக மற்றவர்கள் வந்தார்கள். தஞ்சாவூரில் ஒரு மாட்டு டாக்டர். அவருடைய ஹெரால்டில் மருந்து வாடையும் வைக்கோல் துணுக்கும் நிறைந்திருக்கும். வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருந்த சோமு என்பவர். உப்புக்காற்றில் அவருடைய வண்டியின் தரை துருப்பிடித்து உதிர்ந்து, கீழே ரோடு தெரியும். இந்த வண்டிக்குச் சாமான் செய்வதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டதால், ஒருவர் வண்டிக்கு வேண்டியது மற்றவர் வீட்டு மூலையில்தான் கிடைக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். எங்கள் வண்டிதான் மோசம் என்பதாலும், அது நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததாலும், போகப்போக எல்லா ஞாயிறும் எங்கள் வீட்டு வாசல் பூவரச மரத்தடி என்றாயிற்று.

மற்றவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அப்பாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. காசிம் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குக் கீழே போவார், மாட்டு டாக்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், அப்பா சட்டையில் கிரீஸோடு இங்கும் அங்கும் நடப்பார். அம்மா அத்தனை பேருக்கும் சமைப்பாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். டம்ளர் டம்ளராக மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் அண்ணாந்து குடிப்பதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குறுவை அறுத்த நெல்லை ரோட்டில் காயப் போட்டிருந்தவர்கள் தார்ப்பாயைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பூதலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், பின்னால் இடப்பக்கம் கட்டை முறிவதுபோல் சத்தம் கேட்டது; வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அப்பா இறங்கிப் பார்த்தார். சக்கரம் கோணலாக உள்ளே மடங்கிக் கிடந்தது. "ஆக்சில் கட்டாயிடுச்சு," என்றார், மழையில் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல.

பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்ததும் மாட்டு டாக்டர் தன் வண்டியோடு வந்து அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் தாமதமானாலும் அன்றைக்கு மெஷின் கிடைத்துவிட்டது. எங்கள் வண்டியை டிராக்டரில் இழுத்துவந்து பூவரச மரத்தடியில் மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள்.

ஆக்சில் கிடைக்கவில்லை. திருச்சியிலும் மதுரையிலும் கேட்டார்கள். மெட்ராஸில் பழைய இரும்பு விற்கிற தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தார் டாக்டர். சோமு தன்னிடம் இருந்ததை லாரியில் போட்டு அனுப்பினார். துருவைத் தட்டிப் பார்த்ததில் உள்ளே அரித்துப்போயிருந்தது. வேறு கிடைக்கும்வரை செவ்வாய்க்கிழமை மாட்டு டாக்டரும் வெள்ளிக்கிழமை காசிம் பாயும் வந்து எங்களைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். காசிம் பாய்க்கு அது பாபநாசத்திலிருந்து வந்து, போய், திரும்பி வந்து, மறுபடி வீடு போகிற தூரம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகையை முடித்த கையோடு கிளம்பி வருவார்.

அம்மா மற்றவர்கள் வண்டியில் நிமிர்ந்தே உட்கார்ந்து வருவாள். படுக்கமாட்டாள். கால் சதை பிடித்துக்கொண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை இறுக்குவாளே தவிர சத்தம் போடமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது அடக்கமுடியாமல் காசிம் பாய் வண்டியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அந்த நீல வண்டியின் உள்ளே அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். அன்றைக்கு ஓரம்கட்டி, வாய்க்காலில் துணியை நனைத்து வந்து துடைத்தார். அப்பா துடைக்க வந்தபோதும் விடவில்லை. "விடுங்க சார், துணிதானே, தண்ணிதானே," என்றார். அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு வீடு வரும்வரை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிம் பாய் மட்டும் வந்திருந்தார், உடைந்த ஆக்சிலின் அளவைப் பார்த்துப்போக. அப்பா டீ வாங்கப் போயிருந்தார். அம்மா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பாய், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே," என்றாள்.

"சொல்லும்மா."

"அந்தச் சாமான் கிடைக்கலன்னு சொல்லிடுங்க. கிடைச்சாலும் கிடைக்கலன்னு சொல்லுங்க."

அவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"எனக்கு முடியல பாய். அவரு விடமாட்டாரு. இந்த வண்டி ஓடற வரைக்கும் விடமாட்டாரு. இது ஒரேயடியா நின்னுபோச்சுன்னா அவரும் ஒருநாள் ஓஞ்சுபோயிடுவாரு. நீங்க எல்லாரும் வேலையப் போட்டுட்டு மாத்தி மாத்தி வர்றீங்க. உங்க மூஞ்சியெல்லாம் பாத்தா, போதும்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது."

அம்மா இதைச் சொல்லும்போது அழவில்லை. கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். காசிம் பாய் எழுந்து, கழிவு நூலால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா டீயோடு வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

அந்தச் செவ்வாய் டாக்டர் வந்தார். வெள்ளிக்கிழமையும் டாக்டரே வந்தார். "பாய்க்கு ஏதோ வேலையாம்," என்றார். அம்மா தலையசைத்தாள், ஏதோ முடிவாகிவிட்டது என்பதுபோல. அந்த வாரம் அவள் கொஞ்சம் சாந்தமாக இருந்தாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் தலைக்கு எண்ணெய் வைத்து வெகுநேரம் வாரிவிட்டாள். சோறு வடிப்பது எப்படி, ரசத்துக்கு எப்போது புளி கரைப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை, சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கார் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அது வர வேண்டும் என்றும் இருந்தது, வந்தால் அம்மா மனசு உடைந்துவிடும் என்றும் இருந்தது.

காசிம் பாய் வந்தார், ஆனால் காரில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மழைத்தூறலில் பஸ்ஸிலிருந்து இறங்கி, சாக்கில் சுற்றிய நீளமான ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார். அப்பா ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"கிடைச்சிடுச்சா பாய்? எங்க?"

"கிடைச்சுது சார். வாங்க, மழை வலுக்கறதுக்குள்ள மாட்டிடலாம்."

சாக்கைப் பிரித்தபோது அந்த இரும்பு துருவில்லாமல் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. சக்கரம் மாட்டுகிற முனையில் மெல்லிய கோடாக நீலப் பெயிண்ட் படிந்திருந்தது. வாசற்படியில் நின்ற அம்மா அதைப் பார்த்தாள்.

"உங்க வண்டி எங்க பாய்?" என்றாள்.

"வீட்டுலதான் நிக்குது."

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். காசிம் பாய் "ஜாக்கியை எடுங்க சார்," என்று சொல்லிவிட்டு வண்டிக்குக் கீழே போய்விட்டார். சாயங்காலம்வரை வேலை நடந்தது. முடிந்து, அப்பா கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது அவர் அம்மாவிடம் வந்தார்.

"நீங்க சொன்னதைப் பத்தி ஒரு வாரமா யோசிச்சேம்மா. தொழுகையிலகூட அதுதான் ஓடுது. எனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வரல. போதும்னா போதும்தான். அதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன், உடம்பு உங்களோடது. ஆனா அதை நீங்களே சார்கிட்ட சொல்லுங்க. வண்டி மேல போடாதீங்க. வண்டி ஓடும். போறதும் போகாததும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது."

அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மட்டும் அம்மா சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மழை விட்டிருந்தது. அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார். ஒரே தட்டில் பிடித்தது. நான் பின்சீட்டில் ஏறிவிட்டேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"இன்னைக்கு வேணாங்க," என்றாள். "இன்னைக்கு மட்டும் இல்ல. போதுங்க."

அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படுவார், கெஞ்சுவார், என்னைக் காட்டிப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மாவும் எதிர்பார்த்திருக்க வேண்டும், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தவள்போல் நின்றாள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை.

"எனக்கும் முடியல தனம்," என்றார். "ரொம்ப அலுப்பா இருக்கு. காலைல எந்திரிக்கும்போதே அலுப்பா இருக்கு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுற்றி வந்து, எப்போதும் உட்காரும் பின்சீட்டில் ஏறாமல், முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூவரச மரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் வண்டி மறுபடி மக்கர் செய்கிறது என்று நினைத்து, தள்ளட்டுமா என்று கேட்டார்கள். அப்பா வேண்டாம் என்று கையசைத்தார்.

வெகுநேரம் கழித்து அம்மா சொன்னாள்: "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல நீங்க." அப்புறம் முந்தானையால் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்துவிட்டு, "சரி, எடுங்க. லேட்டாச்சு," என்றாள்.

அதன்பிறகும் அவள் வேண்டாம் என்று சொன்ன நாட்கள் உண்டு. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் போனோம், ஓரிரு முறை போகவில்லை, அடுத்த நாள் மூச்சிரைப்போடு போனோம். ஆனால் இருவரும் ஒருவரிடம் ஒருவர் தெம்பாக இருப்பதுபோல் நடிப்பதை விட்டுவிட்டார்கள். வீட்டில் அலுப்பு என்பது வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லானது. நான் பத்தாவது எழுதி, பன்னிரண்டாவது எழுதி, தஞ்சாவூர்க் கல்லூரியில் சேர்ந்த வருஷத்துத் தை மாதம்வரை அம்மா இருந்தாள். காசிம் பாயின் வண்டி செங்கல் மேல் நின்றபடி ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்தது. கோயம்புத்தூரில் யாரோ ஒருவருடைய வண்டியைப் பழைய இரும்புக்கு உடைத்ததால்தான் அதற்கு ஆக்சில் வந்தது. அம்மாவின் சாவுக்கு அதில்தான் வந்தார். முற்றத்தில் கூட்டத்தோடு நிற்காமல், மரத்தடியில் எங்கள் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் டயாலிசிஸுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே மெஷின் வந்துவிட்டது, அழைத்துப்போகவும் வண்டி வருகிறது. நல்லதுதான். அந்தப் பயணங்கள் மறைந்துபோனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காசிம் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். மாட்டு டாக்டர் மகளோடு பெங்களூரில் இருக்கிறார். போன் செய்தால் யார் என்று கேட்கிறார். சோமுவின் வண்டி உப்பளத்துக் கொட்டகையில் உதிர்ந்து முடிந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது செல்போனில் ஒரு குழு இருக்கிறது. எந்தச் சாமான் வேண்டும் என்றாலும் கேட்ட ஐந்து நிமிஷத்தில் யாராவது பதில் போடுகிறார்கள், பார்சலில் வந்துவிடுகிறது. அனுப்பியவரின் முகம் எனக்குத் தெரியாது. என் வீட்டில் யார் நோயாளி என்று அவருக்கும் தெரியாது.

அப்பா என்னோடு தஞ்சாவூரில் இருக்கிறார், முழங்கால் வலியோடு. வண்டியையும் நான்தான் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டேன்: தரைக்குத் தகடு வைத்து, ரேடியேட்டரை மாற்றி, வாரம் ஒருமுறை கிளப்பி. வேலைக்குப் போய்வந்து, அப்பாவைப் பார்த்து, அதையும் பார்ப்பது என்னால் முடியவில்லை. போன வருஷம் ஒரு நாள் அதை அப்பாவிடம் சொன்னேன். "குடுத்துடு," என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாங்க வந்தவர் சென்னைக்காரர், இளைஞர், மரியாதையானவர். முன்பக்கத்தைக் கவிழ்த்து, டார்ச் அடித்து, கீழே படுத்தும் பார்த்தார்.

"எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ்தானா மேடம்?"

"பின்னாடி இடப்பக்க ஆக்சில் மட்டும் இந்த வண்டியோடது இல்ல. பாபநாசத்துல ஒருத்தர் வண்டியோடது."

"அப்ப அதை மாத்திடணும்," என்றார்.

நாற்காலியிலிருந்து அப்பா சொன்னார்: "அது நல்லாத்தான் இருக்கு தம்பி. அப்படியே இருக்கட்டும்."

வயதானவர்களிடம் தலையாட்டுவதுபோல் அவர் தலையாட்டினார். மறுநாள் பெரிய லாரி ஒன்று வந்து வண்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. அப்பா வாசலுக்கு வரவில்லை; சாயங்காலம் மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு வண்டி நின்ற கொட்டகைக்குப் போய், எண்ணெய்க் கறை படிந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழை நாளில் துணி காயப்போட இடமாயிற்று என்றார். கொடி கட்டியிருக்கிறோம். இந்த ஐப்பசியில் அங்கேதான் காயப்போடுகிறோம்.